ஆசனம் ஒன்று, விதி வேறு

உத்திரமேரூரில் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. பையனின் படிப்போ காத்திருக்காது. முழுதும் புதியதாக வாங்கக் கையில் பணமில்லை. பிராஸஸரை மட்டும் மாற்றலாமென்று எண்ணினோம்.

ஆனால், பிராஸஸர் அமரும் ‘ஸாக்கெட்’ என்னும் ஆசனம் இருக்கிறதே, அது கண்டவரை ஏற்பதில்லை! இன்டெல் கம்பெனியார் 2015-இல் கொண்டுவந்த 1151 முனை ஆசனத்தில், 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைப் பிராஸஸர் கச்சிதமாய் உட்காரும். வேலை மட்டும் செய்யாது. முனைகளின் எண்ணிக்கை அதுவே. மின்சாரப் பங்கீடு வேறு.

இதில் நமக்கு வியப்பு ஏது? நம்மூர்க் கோயிற் கல்வெட்டில், 919-இல் 30 வயது கடந்தவர் வாரியத்துக்கு நிற்கலாம். 921-இல் 35 கடந்திருக்க வேண்டும். வாரியம் அதுவே, விதி வேறு.

நம்முடையது ஏ.எம்.டி.யின் ‘ஏ.எம்.4’ ஆசனம். 2022-இல் ‘ஏ.எம்.5’ வந்துவிட்டது, அதற்குத் தாவினால் மதர்போர்டும் ராமும் சேர்ந்து மாற வேண்டும். ஆகவே, பழைய ஆசனத்துக்குரிய கடைசித் தலைமுறைப் பிராஸஸரை, கடைகளில் அற்றுப்போகுமுன் வாங்குவதே உசிதமென்று கண்டோம். முதலில் பயாஸைப் புதுப்பித்தோம், பிறகே பொருத்தினோம். மறுநாளே பையன் பாடத்தில் ஆழ்ந்துவிட்டான்.

பெயரைக் குடத்தில் இடுமுன் தகுதி பார்த்தவர்கள் நம் முன்னோர். பணத்தைக் கடையில் இடுமுன், மதர்போர்டு ஏற்கும் பிராஸஸர்களின் பட்டியலை நாமும் பார்க்க வேண்டாமா?