படத்தில் வராத திகதிகள்

கொழும்பு நகரத்து மக்கள் தாம் கண்ட காட்சியொன்றைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போது, அண்மைக் காலமாக, "படம் மாதிரி இருந்தது" என்ற சொற்றொடரைப் பெரிதும் கையாண்டு வருகின்றனர். முன்னைய தலைமுறையினரும் இதைச் சொன்னதுண்டு. ஆனால் அவர்கள் அழகிய மலைச்சாரலையோ ஆடம்பரமான கலியாண வீட்டையோ கண்டபோதே அவ்வாறு சொன்னார்கள். என் மாணவர்கள் இன்று அதைச் சொல்லும்போது அவர்கள் மனத்தில் நிற்பது முற்றிலும் வேறொரு வகைப் படம். உலகம் அழிந்த பின்னரோ அழியும் தறுவாயிலோ நடப்பதாக எடுக்கப்படும் விஞ்ஞானக் கற்பனைப் படம் அது. கரும்புகை மூடிய வானம், முகமூடி அணிந்த மாந்தர், இருண்ட தெருக்களின் மேலே தனித்து ஒளிரும் கோபுரம், எண்ணெய்க்கும் உணவுக்கும் நீண்டு கிடக்கும் வரிசை ஆகியவையே அப்படங்களின் தட்டுமுட்டுச் சாமான்கள்.

இவ்வகைப் படங்களை நான் இகழ்பவனல்லன். பல்கலைக்கழக நாட்களில் விடுதி நண்பர்களுடன் இவற்றுள் பலவற்றை விழித்திருந்து பார்த்தவன். 1927ஆம் ஆண்டிலே ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெற்றோபொலிஸ்' என்ற பேசாப் படத்தில், நிலத்துக்கு அடியிலே தொழிலாளர் யந்திரங்களுடன் மல்லாட, மேலே பூங்காவிலே செல்வர் பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றனர். வர்க்கம் என்பதை இத்தனை வெளிப்படையாகத் திரையிலே காட்டிய படங்கள் மிகச் சிலவே. (அதன் முடிவு வேறு கதை. முதலாளியின் மகன் தந்தையின் கையையும் தொழிலாளரின் மேற்பார்வையாளன் கையையும் பிடித்துச் சேர்த்துவைக்க, எல்லாம் சுபமாகிவிடுகிறது. நம் தமிழ்ப் படங்கள் தோற்றுவிடும்.) 1982இல் வெளிவந்த 'பிளேட் ரன்னர்' 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து லொஸ் ஏஞ்சலிஸ் நகரை ஓயாத மழையும் இருளும் ராட்சத விளம்பரங்களும் நிறைந்ததாகக் காட்டியது. அந்த 2019 வந்து போய்விட்டது.

என் குறை அந்தப் படங்களைப் பற்றியதன்று, அவற்றைக் கண்ணாடியாக மாட்டிக்கொண்டு நம் நகரத்தைப் பார்ப்பது பற்றியது. அவற்றுட் பலவற்றில், படம் தொடங்குமுன்பே பேரழிவு நடந்து முடிந்துவிடுகிறது. அதை யார் செய்தார், எந்த நாளில் எந்தக் காகிதத்தில் கையொப்பமிட்டார் என்று எவரும் கேட்பதில்லை. நாம் காண்பது விளைவை மட்டுமே. எங்கள் நகரத்திலோ ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு திகதி உண்டு.

2021 மே மாதம் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. நான் கைத்தொலைபேசியைப் புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உயர்தர வகுப்புக்குச் சிலப்பதிகாரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்நாட்களில் நாங்கள் முகத்துவாரத்திலே குடியிருந்தோம். மொட்டைமாடியில் ஏறி நின்றால் கடல் தெரியும். மே 20ஆந் திகதி, கொழும்புக்கு வடமேற்கே ஏறத்தாழ ஒன்பதரைக் கடல்மைல் தொலைவில் நங்கூரமிட்டிருந்த 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்ற சரக்குக் கப்பலிலே தீப்பற்றியது. பின்வந்த நாட்களில் அக்கப்பல் கக்கிய புகையை எங்கள் மாடியிலிருந்தே பார்த்தோம். அயல் வீட்டுப் பையன்கள் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தனர். அவர்கள் வாயிலும் அதே சொற்றொடர்தான்.

கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மாத்திரம் ஏறத்தாழ 1,680 தொன். நீர்கொழும்புக்குத் தெற்கே சரக்குவக் கடற்கரையில் அவை பனிபோல் குவிந்தன. தலை முதல் கால்வரை வெள்ளை உடை போர்த்த படையினர் மண்ணையும் மணியையும் சேர்த்து அள்ளி மூட்டைகளில் நிரப்பினர். இறந்த ஆமைகள் கரையொதுங்கின. மனிதரற்ற கடற்கரையில் முகமற்ற வெள்ளுருவங்கள் குனிந்து நிற்கும் அப்புகைப்படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அதைப் பார்த்த எவருக்கும் வேற்றுக் கிரகமொன்றே நினைவுக்கு வந்திருக்கும்.

என் வகுப்பில் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். பாடத்தின் நடுவே அவன் பின்னால் தந்தையின் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. "அப்பா வீட்டிலயா?" என்று கேட்டேன். "ஓம் சேர், கடலுக்குப் போகக் கூடாதெண்டு சொல்லிட்டாங்க" என்றான். பாணந்துறையிலிருந்து நீர்கொழும்பு வரை மீன்பிடி தடைசெய்யப்பட்டிருந்தது. தடை நீங்கிய பின்னும் அவர்கள் பிடித்த மீனை வாங்குவார் இல்லை. நஞ்சு மீன் என்ற பேச்சு சந்தையெங்கும் பரவியிருந்தது. அவ்வீட்டாருக்கு அது படமாகத் தோன்றவில்லை. அவர்களுக்கு அது கடைக்காரனின் கடன் கொப்பியில் ஏறிய தொகை.

தீ வானத்திலிருந்து விழவில்லை. அக்கப்பலிலே 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அமிலக் கொள்கலன் ஒன்று ஒழுகுவது கொழும்புக்கு வருமுன்பே அறியப்பட்டிருந்தது. கத்தாரின் ஹமாட் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராத் துறைமுகத்திலும் அதை இறக்க முயன்றனர். அங்கே அது இறக்கப்படவில்லை. ஒழுகும் கலத்துடனேயே கப்பல் கொழும்புக்கு வந்து நின்றது. கால அட்டவணைப்படி ஓடுவதே இலாபம் என்றாகிவிட்ட ஒரு தொழிலில், ஒழுகும் கொள்கலனைக் கைக்கொள்ள எவருக்கும் நேரமில்லை.

இன்னொன்றையும் குறிப்பிடவேண்டும். தீப்பற்றிய அதே மே 20ஆந் திகதியன்று, எங்கள் பாராளுமன்றம் கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டமூலத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்தது. கடலை மணலால் நிரப்பி எழுப்பிய 269 ஹெக்டேயர் நிலத்துக்கான சட்டம் அது. வரிச் சலுகைகள், வெளிநாட்டு நாணயத்தில் சம்பளம், தனியான ஆணைக்குழு ஆகியவை அதிலே அடங்கும். இரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு யாதுமில்லை. ஆயினும் ஒரே நாளில் ஒரே கடலின் ஒரு பகுதி முதலீட்டுக்குத் திறந்துவிடப்பட, மற்றப் பகுதி மீனவனுக்கு மூடப்படும் நிலை தோன்றியதை, தற்செயல் என்று ஒதுக்கிவிட என் மனம் இணங்கவில்லை.

அந்த வாரம் நாங்கள் படித்துக்கொண்டிருந்தது மதுரைக் காண்டம். இதுவும் தற்செயலே. மதுரை எரிவதை இளங்கோ வெறும் காட்சியாக விட்டுவிடவில்லை. எரியூட்டியவள் யார், எந்தத் தீர்ப்பு பிழைத்தது, யாருடைய சிலம்பு யாருடையதெனக் கொள்ளப்பட்டது, அந்தப் பொய்யினால் பயனடைந்த பொற்கொல்லன் யார் என்பவையெல்லாம் நமக்குத் தெரியும். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு தீக்கே கட்டளை பிறக்கிறது. அக்கட்டளையில் சாதி வேற்றுமையும் உண்டு என்பதை மாணவருக்கு நான் மறைப்பதில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் ஒரு நகரத்தை எரிக்கக்கூடாது என்ற அளவிலே அந்தச் சமணத் துறவி நம் காலத்துப் படநெறியாளர் பலரை விஞ்சி நிற்கிறார்.

அடுத்த ஆண்டு காட்சிகள் மேலும் பெருகின. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் கடதாசி இல்லாமையால் ஒத்திவைக்கப்பட்டன. நான் வினாக்களைக் கரும்பலகையில் எழுத, பிள்ளைகள் பழைய அப்பியாசக் கொப்பிகளின் எஞ்சிய பக்கங்களில் விடை எழுதினர். மார்ச் 31இல் மின்வெட்டு 13 மணித்தியாலம் என்று அறிவிக்கப்பட்டது. தெருவோரங்களில் சமையல் வாயுச் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டு வரிசையில் நிற்க, அவற்றின் சொந்தக்காரர் மதிலோரத்தில் குந்தியிருந்தே உறங்கினர். அம்மாதத்தில் எழுபது வயதை எட்டிய முதியவர் இருவர் எரிபொருள் வரிசையிலே விழுந்து இறந்தனர். அந்நாட்களில் என் வகுப்பு இடாப்பில் வராதோரின் அடையாளங்களே மிகுந்திருந்தன. வரிசையில் இடம்பிடித்து நிற்கப் பிள்ளைகளே வசதியானவர்கள், ஏனெனில் அவர்கள் நின்றால் வீட்டுக்கு ஒரு நாட்கூலி மிஞ்சும்.

ஜூலையில் கியூ.ஆர். குறியீடு வந்தது. கறுப்புச் சதுரங்கள் நிறைந்த அந்தச் சிறு துண்டைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, முச்சக்கர வண்டிச் சாரதிகள் கழுத்திலே தொங்கவிட்டுக்கொண்டனர். மனிதனுக்கு இலக்கமிடும் எதிர்கால ராச்சியம் வந்துவிட்டது என்று ஆசிரியர் அறையிலே ஒரு நண்பர் கூறினார். நான் அப்போது வேறொன்றைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர். மோட்டார் காருக்கு 20 லீற்றர். வண்டியோட்டியே வயிறு கழுவுகிறவனுக்கு ஐந்து, அலுவலகம் போய் வருகிறவருக்கு இருபது! குறியீட்டின் புதுமையிலே மயங்கியவர் கண்ணில் இந்தப் பழைய கணக்குப் படவேயில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த நாளுக்குப் பின்னோக்கிச் சென்றால் வேறு பல நாட்களைக் காணலாம். 2007இலே சர்வதேசச் சந்தையில் முதன்முறையாக இறைமை முறிகளை விற்று வட்டிக்குப் பணம் எடுத்தனர். 2019 டிசம்பர் முதலாந் திகதி பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தபோது சிலர் பட்டாசு கொளுத்தாத குறையாக மகிழ்ந்தனர். 2021இலே இரசாயனப் பசளை இறக்குமதியை ஓரிரவில் தடைசெய்தனர். பெருந்தொற்று உல்லாசப் பயணத் துறையைக் கொன்றது உண்மையே. ஆனால் பெருந்தொற்றை மட்டும் கைகாட்டுவோர் மற்றத் திகதிகளை மறைக்கிறார்கள் என்றே நான் கொள்கிறேன்.

2022 செப்டெம்பர் 15இல் தாமரைக் கோபுரம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 350 மீற்றர் உயரம். பெருமளவு சீனக் கடனிலே எழுந்தது. அடுத்த ஆண்டு என் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றேன். மேல்தளத்திலிருந்து நோக்குமிடத்து ஒருபுறம் துறைமுக நகரத்தின் மஞ்சள் மணற்பரப்பு; காலடியிலே பேரை வாவியும் கொம்பனித்தெருவின் நெரிசலான கூரைகளும். எங்களுக்கு அருகே நின்ற குடும்பத்துத் தந்தையொருவர் கீழே காட்டித் தம் மக்களிடம் அதே உவமையைக் கூறினார். இத்தனை உயரத்திலிருந்து பார்க்கும்போது தகரக்கூரை எவர்க்கும் அழகுதான். அவ்வளவு தொலைவிலிருந்து பார்க்க ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது மாத்திரமே விசேடம்.

என் மாணவி ஒருத்தி கிழக்குப்புறக் கண்ணாடியை விட்டு அசையவில்லை. கொலன்னாவைப் பக்கத்தைச் சுட்டி, "அங்கதான் சேர் எங்கட பெரியம்மா வீடு இருந்தது" என்றாள். இருந்தது என்ற சொல்லில் அவள் அழுத்தம் எதுவும் வைக்கவில்லை. அவள் காட்டியது மீதொட்டமுல்லையை.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினம். பல ஆண்டுகளாகக் கொழும்பின் குப்பையைச் சுமந்த அந்த மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்து 32 பேரைக் கொன்றது. குழந்தைகளும் அதிலே மாண்டனர். இங்கே தீக்குக் கட்டளையிட்டதுபோல் குப்பைக்குக் கட்டளையிட எவருமிருக்கவில்லை. அந்த மக்கள் வாயடைத்துக் கிடந்தவர்களல்லர். குப்பை கொட்டுவதை நிறுத்துமாறு கோரி ஆண்டுக்கணக்காக லொறிகளை மறித்தார்கள், ஊர்வலம் போனார்கள், பொலிசாரிடம் அடிவாங்கினார்கள். மீதொட்டமுல்லை கொழும்பு மாநகர சபை எல்லைக்கு வெளியேயுள்ள இடம். குப்பை கொழும்பு மாநகரத்தது. மலை கொலன்னாவைக்கு உரியது. எல்லைக் கோட்டை அறிந்துதான் குப்பையும் பயணம் செய்கிறது.

அவர்களுடைய போராட்டம் அப்படங்களில் வருவதில்லை. வந்தாலும் உலகைக் காக்கும் தனி வீரன் ஒருவனாக உருமாறி வருகிறது. லொறிக்கு முன்னே குழந்தையை இடுப்பில் வைத்து நின்ற பெண்கள் எந்த எதிர்கால நகரத்திலும் இடம்பெறக் காணேன்.

கோபுரத்திலிருந்து திரும்பிய வாரம் 'இருபத்தைந்து ஆண்டின் பின் எங்கள் நகரம்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலானோர் முகமூடியையும் யந்திர மனிதரையும் எழுதியிருந்தனர். அந்தப் பெண், மீதொட்டமுல்லையில் இப்போது புல் முளைத்திருப்பதையும், பெரியம்மாவின் குடும்பம் மாடிக் குடியிருப்பொன்றில் இருப்பதையும், மின்னுயர்த்தி பழுதாகும் நாட்களில் பெரியம்மா கீழே இறங்குவதில்லை என்பதையும் எழுதியிருந்தாள். எதிர்காலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று புள்ளி குறைப்பது விதி. நான் குறைக்கவில்லை.

2025 ஜூலையில், எக்ஸ்-பிரஸ் பேர்ள் வழக்கிலே உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பினர் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு செலுத்தவேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அச்செய்தி வந்த பத்திரிகையை வகுப்புக்குக் கொண்டு சென்றேன். அந்த மீனவப் பையன் பாடசாலையை விட்டுச் சென்று வெகு நாட்களாகிவிட்டன. இப்போது முன்னே இருந்தவர்கள் தரம் 6 பிள்ளைகள். தீப்பற்றியபோது ஏழு வயதினர். புகை கக்கும் கப்பலின் படத்தைச் சுற்றி நின்று உற்றுப் பார்த்தனர். "சேர், இது எந்தப் படத்தில வருது?" என்று முன்வரிசைச் சிறுவன் கேட்டான். நான் வெண்கட்டியை எடுத்து, 2021 மே 20 என்று கரும்பலகையில் எழுதினேன்.