கரும்பு நோட்டும் காலாண்டுக் கணக்கும்

ஆடி 2, வெள்ளி (18 ஜூலை 2025)

மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்று விடியும் முன்பே வாசல் வேப்பமரத்தை உலுக்கத் தொடங்கிவிட்டது. காலையில் அண்ணன் மகன் வந்தான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை அவனுக்கு. இரவு ஷிப்ட் முடிந்து நேரே ராயகிரிக்கு பஸ் ஏறியிருக்கிறான். தோசையை வைத்தேன். கை வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“அத்தை, நாப்பத்திரண்டாயிரம் போச்சு. அப்பாகிட்ட சொல்லிராதீங்க.”

போனிலேயே நிஃப்டி ஆப்ஷன் வாங்கி விற்றிருக்கிறான். நேற்று வியாழக்கிழமை எக்ஸ்பைரி, அதாவது அவை காலாவதியாகும் நாள். ஏறும் என்று நினைத்து வாங்கியது மாலைக்குள் ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது. நான்கு மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், மொத்தம் இவ்வளவு.

திட்ட மனம் வரவில்லை. இந்த மாதம் 7-ஆம் தேதி பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி வெளியிட்ட ஆய்வின் செய்தியை எடுத்துக் காட்டினேன். 2024-25 நிதியாண்டில் இந்த வகை வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம். எல்லோருக்குமாகச் சேர்த்து 1.05 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நூறு பேரில் தொண்ணூற்றொரு பேர் தோற்கும் இடத்தில் ஒருவன் தோற்றால், அதை அவன் புத்திக்குறைவு என்று எப்படிச் சொல்வது? அந்த இடமே அப்படிப்பட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: “அப்ப நீங்க மட்டும் ஷேர் வச்சிருக்கீங்களே அத்தை?”

நியாயமான கேள்வி. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். இதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பக் கூடாது. ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டுக் கணக்கை, பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 45 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 14-க்குள், வெளியிட்டாக வேண்டும். ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது கெடு. “இந்த ஆடி முழுக்க, லீவு கிடைக்கும்போதெல்லாம் வா. சேந்து வாசிப்போம்” என்றேன். தோசையைச் சாப்பிட்டான்.

ஆடி 5, திங்கள்

பரணில் இருந்த தகரப்பெட்டியை இறக்கி அப்பாவின் கரும்பு நோட்டை எடுத்தேன். நீல அட்டை. ஓரமெல்லாம் செல் அரித்திருக்கிறது. உள்ளே பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. வெட்டு உத்தரவு வந்த தேதி, வண்டி, எடைச் சீட்டுப்படி டன், வெட்டுக்கூலி. கடைசியில் இரண்டு பத்திகள்: “ஏத்துனது”, “வந்தது”.

ஒரு வருஷத்துப் பக்கத்தில் “ஏத்துனது” நிரம்பியிருக்கிறது. “வந்தது” மாதக்கணக்கில் வெறுமை. அந்த வருஷம் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது எனக்கு நினைவிருக்கிறது. கரும்பை இறக்கிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அப்பாவுக்கு வட்டி வந்ததாக நோட்டில் எங்கும் இல்லை.

பங்குச் சந்தையில் சாதாரண ஆட்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இந்த இரண்டு பத்திகளில் இருக்கிறது. ஒரு கம்பெனி சரக்கைக் கொடுத்ததும் விற்பனை என்று எழுதிவிடுகிறது. அதிலிருந்து லாபமும் கணக்கில் வந்துவிடுகிறது. பணம் வந்ததா என்பது வேறு பக்கத்தில் இருக்கும். காலாண்டு அறிக்கையில் “ஏத்துனது” மட்டும் தெரியும். ரொக்கம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற ரொக்க ஓட்ட அறிக்கை அரையாண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. லாபம் வருஷாவருஷம் ஏறி, வர வேண்டிய பாக்கி அதைவிட வேகமாக ஏறினால், அந்த லாபத்தை இன்னும் லாபம் என்று நம்ப வேண்டாம்.

அதே கணக்கைச் சர்க்கரை ஆலையின் பக்கமிருந்தும் பார்த்தேன். கரும்புக்கான குறைந்தபட்ச விலையை மத்திய அரசு 2018-19-இல் குவிண்டாலுக்கு 275 ரூபாய் என்று வைத்தது. 2025-26 பருவத்துக்கு 355. ஆலைகள் சர்க்கரையை விற்கும் குறைந்தபட்ச விலையோ 2019 பிப்ரவரியில் கிலோ 31 ரூபாய் என்று வைத்ததோடு நிற்கிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் அரசு கோடு போட்டிருக்கிற தொழிலில், நிர்வாகம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் லாபம் முழுக்க அதன் கையில் இல்லை. சர்க்கரைப் பங்கு வாங்குகிறவர் விலை வரைபடத்துக்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கொடுக்காமல் வைத்த கரும்புப் பணம் ஆலையின் ஐந்தொகையில் “கொடுக்க வேண்டிய பாக்கி” என்ற வரியில் உட்காரும். அப்பா பங்குச் சந்தை என்ற சொல்லைச் சொல்லியே நான் கேட்டதில்லை. ஆனால் ஏதோ ஒரு வருஷத்து ஐந்தொகையில் அவரும் அந்த வரிக்குள் இருந்திருக்கிறார். அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மாவின் வெறுங்கழுத்துதான் தெரிகிறது.

ஆடி 8, வியாழன், ஆடி அமாவாசை

அண்ணன் குற்றாலத்தில் திதி கொடுத்துவிட்டு வந்தார். இலையில் படைத்துச் சாப்பிட்ட பிறகு மருமகன் என்னிடம் இருக்கும் பங்குகளைக் கேட்டான். நமக்குத் தெரிந்த பேரிலிருந்து தொடங்கலாம் என்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியை எடுத்தேன்.

1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கியது. 1962-இல் இப்போதுள்ள பெயர். நூறு வருஷம் கழித்து, 2022 செப்டம்பரில்தான் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டது. ஒரு பங்கு 510 ரூபாய், ஒரு லாட் 28 பங்கு. 14,280 ரூபாய்க்கு எனக்கு ஒரு லாட் கிடைத்தது.

நோட்டில் இரண்டு வரி எழுதினேன். 2021-22-இல் வங்கியின் நிகர லாபம் சுமார் 822 கோடி. 2024-25-இல் சுமார் 1,183 கோடி. “மூணு வருசத்துல 44 சதவீதம் கூடியிருக்கே! அப்ப விலை?” என்றான். 450-க்கு முன்பின். நான் வாங்கிய விலைக்கும் கீழே.

அவன் முகத்தில் குழப்பம். இந்தக் குழப்பம் வரட்டும் என்றுதான் இந்தப் பங்கை எடுத்தேன். பென்சிலை அவனிடம் கொடுத்தேன். வெளியீட்டுக்கு முன் வங்கிக்குச் சுமார் 14.25 கோடி பங்குகள். புதிதாக 1.58 கோடி சேர்ந்து இப்போது 15.83 கோடி. பானை பெரிதானது உண்மை, பந்தியில் உட்கார்ந்தவர்களும் கூடியிருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தான். பங்கு ஒன்றுக்கு லாபம் அன்று 57 ரூபாய்க்கு மேல், இன்று 74 ரூபாய்க்கு மேல். 44 சதவீதம் என்றது 30 சதவீதத்துக்குள் வந்துவிட்டது. தலைப்புச் செய்தியில் வருவது கம்பெனியின் லாபம். நம் கையில் இருக்கும் ஒரு பங்குக்கு எவ்வளவு என்பதை நாம்தான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து விலையை அந்த லாபத்தால் வகுக்கச் சொன்னேன். அன்று 510-ஐ 57-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 மடங்கு. இன்று 450-ஐ 74-ஆல் வகுத்தால் 6 மடங்கு. வங்கி அதிகமாகச் சம்பாதிக்கிறது, அந்தச் சம்பாத்தியத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் சந்தை குறைவாகக் கொடுக்கிறது. அது சந்தையின் தவறா, வளர்ச்சி இனிமேல் மெதுவாக இருக்கும் என்ற சந்தேகமா? அதை முடிவு செய்ய வங்கியின் கணக்கில் இன்னும் உள்ளே போக வேண்டும். கடன் எவ்வளவு வளர்ந்தது? கொடுத்த கடனில் வராக்கடன் எவ்வளவு? மொத்த வராக்கடன் 2024 மார்ச்சில் 1.44 சதவீதம், 2025 மார்ச்சில் 1.25. நல்ல மாற்றம். ஆனால் வராக்கடனுக்காக ஒதுக்கும் தொகை குறைவதால் ஏறுகிற லாபம் ஒரு எல்லையில் நின்றுவிடும். வட்டி வருமானம் வளர்ந்தால்தான் அதற்கு மேல் போகும்.

“அப்ப இத வாங்கலாமா, விக்கலாமா அத்தை?”

“அத நான் சொன்னா, நீ நாளைக்கு வேற ஒருத்தர் சொல்லுறதக் கேப்ப. வகுத்தல் உன் கையில இருக்கு, ராசா.”

டிவிடெண்டாக முதலில் பங்குக்கு 5 ரூபாய், அடுத்து 10 ரூபாய் வந்தது. 28 பங்குக்கு 420 ரூபாய். 2024-25-க்கு 11 ரூபாய் என்று சொல்லியிருக்கிறார்கள். சின்னத் தொகைதான். ஆனால் இது “வந்தது” பத்தியில் எழுதும் பணம்.

ஆடி 12, திங்கள்

கண் பரிசோதனைக்கு ராஜபாளையம் போனேன். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், அதைத் தொடர்ந்து வந்த ஆலைகள், இந்த ஊரின் வாழ்வையே மாற்றியவை. அந்தக் குழுமத்தில் 1957-இல் மெட்ராஸ் சிமென்ட்ஸ் என்று தொடங்கியதுதான், 2013 முதல் ராம்கோ சிமென்ட்ஸ்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதன் பழைய ஆண்டறிக்கைக் குறிப்புகளை வாசித்தேன். 2021-22-இல் நிகர லாபம் சுமார் 893 கோடி. அடுத்த ஆண்டு சுமார் 344 கோடி. வெறும் இந்த இரண்டு எண்ணைப் பார்த்தால் பயம் வரும். குறிப்புகளைப் பார்த்தால் பாதி தெளியும். முதல் ஆண்டு லாபத்தில் பெரிய தொகை, எதிர்கால வரிக்கென்று வைத்திருந்த கணக்கைத் திருத்தியதால் வந்தது. அது சிமென்ட் மூட்டை விற்று வந்ததல்ல. மறு ஆண்டு, உக்ரைன் போருக்குப் பின் நிலக்கரியும் பெட்கோக்கும் விலை ஏறி உண்மையான செலவைக் கூட்டின. ஆக ஒன்று தாளில் ஏறியது, மற்றொன்று சூளையில் எரிந்தது. அண்மைக் காலத்தில் உபரிச் சொத்துகளை விற்றதில் வந்த ஆதாயமும் அந்தக் கம்பெனியின் லாபத்தில் சேர்ந்திருக்கிறது. அதை அறிக்கையில் “விதிவிலக்கான இனம்” என்று தனி வரியாகவே காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் இதை விளக்கத் தனிப்பாடம் வேண்டாம். தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் பத்து மரத்தை வெட்டி விற்ற வருஷம் வீட்டில் பணம் புழங்கும். அதைத் தேங்காய் வருமானம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மறு வருஷம் பத்து மரத்துக் காய் குறையும் என்று குழந்தைக்கும் தெரியும். இதர வருமானம், விதிவிலக்கான இனம், வரித் திருத்தம் ஆகிய மூன்று வரிகளையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதி நிற்பதுதான் காய்ப்பு. அந்த மீதியைப் போன காலாண்டோடு ஒப்பிடுவதைவிடப் போன வருஷத்து இதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும். மழைக்காலத்துச் சிமென்ட் விற்பனையைக் கோடைகாலத்தோடு வைத்துப் பார்க்கக் கூடாது.

ஆடி 22, வியாழன், ஆடித்தபசு

சங்கரன்கோவில் முழுக்கத் தலை. மருமகனும் நானும் மதியமே போய் இடம் பிடித்தோம். கோமதி அம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்து சிவனைச் சங்கரநாராயணராகக் கண்ட நாள். சம்சாரிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் சப்பரத்தின் மேல் சூறை விட்டார்கள். எங்கள் தோளிலும் ஒரு பஞ்சுத் துணுக்கு வந்து விழுந்தது.

அதை எடுத்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தான். “இழை சின்னது, அத்தை. நாப்பதாம் நம்பர் நூலுக்கு வராது.” பழகிய கை.

நேற்று இரவுதான் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்குக் கூடுதலாக 25 சதவீத வரி என்று ஆணை போட்டிருக்கிறது. 27-ஆம் தேதி முதல் மொத்தம் 50. துணி வாங்குகிறவர்கள் ஆர்டரை நிறுத்தினால் நூல் தேங்கும் என்று அவனே விளக்கினான். பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் மில்லின் பிழைப்பு, மின்சாரச் செலவு அதைத் தின்னும், ஆர்டர் குறைந்தால் முதலில் எந்த ஷிப்டை நிறுத்துவார்கள் என்று எல்லாம் சொன்னான். கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அறிந்த பிள்ளை, அதை விட்டுவிட்டு, வியாழக்கிழமை மாலைக்குள் நிஃப்டி எத்தனை புள்ளி ஏறும் என்பதில் போய்ப் பணம் கட்டியிருக்கிறான்.

அதை அவனிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. பஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

ஆடி 29, வியாழன்

காலாண்டுக் கணக்கை வெளியிட இன்று கடைசி நாள். மாலையில் ஒரு தாளோடு வந்தான். பட்டியலிடப்பட்ட ஒரு நூற்பாலையின் காலாண்டு முடிவு. அவன் வேலை பார்க்கும் மில் அல்ல. விற்பனை, மூலப்பொருள், மின்சாரம், சம்பளம், வட்டி என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே போன வருஷத்து இதே காலாண்டின் எண்ணைப் பேனாவால் எழுதியிருந்தான். இதர வருமானத்தைச் சுற்றி ஒரு வட்டம்.

“லாபம்னு போட்டிருக்காங்க அத்தை. இந்த வட்டத்தக் கழிச்சா நஷ்டம். பஞ்சுச் செலவு குறைஞ்சிருக்கு, ஆனா சரக்கு இருப்பு கூடிப்போச்சு. நூல் விக்கல போல.”

வாங்கவில்லை என்றான். ஆப்ஷன் கணக்கை மூடக் கொடுத்திருப்பதையும் சொன்னான். போன பணம் திரும்பாது. மாதம் இரண்டாயிரம் ஒதுக்கி, முதலில் ஆறு மாதச் செலவுக்கு வங்கியில் சேர்த்து, அதன்பிறகுதான் பங்கு என்று முடிவு செய்திருக்கிறான். அந்த வரிசையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவன் போன பிறகு என் வேலையைச் செய்தேன். கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் 2020 முதல் காணொளியிலும் நடக்கின்றன. முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டால், ஒரு பங்கு வைத்திருப்பவரும் வீட்டிலிருந்தே கேள்வி கேட்கலாம். அப்பாவின் நோட்டில் மீதியிருந்த ஒரு வெற்றுப் பக்கத்தில், வங்கியின் கூட்டத்துக்கான என் கேள்வியை எழுதினேன்:

“வணக்கம். ராயகிரியிலிருந்து 28 பங்கு வைத்திருப்பவள் பேசுகிறேன். 2022-இல் புதிதாகப் பங்கு விற்றுத் திரட்டிய மூலதனம் எந்த ஊர்களில், எந்த வகைக் கடன்களாகப் போயிருக்கிறது, அதிலிருந்து பங்கு ஒன்றுக்கு எவ்வளவு வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும்.”

கீழே இரண்டு பத்தி கோடு போட்டேன். “கேட்டது” என்பதை நிரப்பிவிட்டேன். “வந்தது” இருக்கிறது.