வயசே தெரியல, அம்மணி

"வயசே தெரியல, அம்மணி." ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு எங்கள் பக்கம் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு இதுதான். சொல்கிறவர் மனசில் கள்ளமில்லை, கேட்கிறவருக்கும் முகம் மலர்ந்துவிடும். ஆனால் வயசு தெரிந்தால்தான் என்ன? தெரிந்தால் ஏதோ குடி முழுகிவிடும் போலவும், நல்லவேளை இன்னும் முழுகவில்லை என்பது போலவும் இருக்கிறது இந்தப் பாராட்டு.

என் அம்மாவுக்கு வயசு தெரிய ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இப்போது 56. நாற்பதில் பிடித்த தலைச்சாயம், மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றுகொண்டிருந்தது. ஒருநாள் நெற்றி தடித்து, இமை வீங்கி, காதோரம் நீர் வடிந்தது. தோல் டாக்டர் பிபிடி என்றார். பாரா-ஃபினைலின்டையமின். கறுப்புச் சாயங்கள் பலவற்றில் நிறம் தருவது அதுதான். ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் உடம்பு அதை மறக்காது, அடுத்த தடவை இன்னும் மோசமாகலாம். அம்மா அன்றோடு நிறுத்திவிட்டாள்.

அப்புறம் ஆரம்பித்தது. பெரியம்மா வந்து, "பையனுக்குப் பொண்ணு பாக்கோணும். நீயி இப்படி நரைச்சுட்டு நின்னா பொண்ணு வூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?" என்றார். சரவணம்பட்டியில் சத்தி ரோட்டை ஒட்டி, ஐடி கம்பெனிகளை நம்பி முளைத்த பார்லர்களில் ஒன்றில், "ஆன்ட்டி, அமோனியா இல்லாதது இருக்கு" என்றாள் ஒரு பெண். அமோனியா இல்லாததிலும் பிபிடி இருக்கலாம் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தராத விஷயம்.

அப்பாவுக்கு அம்மாவுக்கு முன்பே நரைத்தாயிற்று. 2011-ல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்தபிறகு அதற்கு சால்ட் அண்ட் பெப்பர் என்று பெயரும் கிடைத்தது. "தல மாதிரி இருக்கீங்க மாமா" என்று சொந்தக்காரப் பையன்கள் சொல்வார்கள். அதே வீட்டில், அதே நரை.

வீட்டுப் பேச்சோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அம்மா ஒரு துணிக்கடையில் பதினோரு வருஷமாக பில் கவுண்டரில் இருந்தாள். "அக்கா, முன்னாடி கொஞ்சம் யங்கா வேணும்னு ஓனர் சொல்றாரு. சாயம் அடிச்சுட்டு வந்தீங்கன்னா இங்கயே இருந்துக்கலாம்" என்றார் மேனேஜர். "அப்ப சாயத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேத்துச் சம்பளம் போடுங்க சார், அடிச்சுட்டு வர்றேனுங்க" என்றாள் அம்மா. மறுவாரம் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். கவுண்டர்க்காரர்களுக்குத் தீபாவளிக்குக் கிடைக்கிற ஊக்கத்தொகை குடோன்காரர்களுக்குக் கிடையாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. அந்த இருக்கையைக் கடையின் எந்த மூலையில் போடுவது என்பது ஓனர் இஷ்டம்.

அமுச்சிக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். அப்புச்சி போனபோது அவளுக்கு 38 வயசு. ஊர்கூடி வெள்ளைச்சேலை கொடுத்தது. பூ, பொட்டு, கலர் எல்லாம் ஒரே நாளில் போனது. அவளை நாற்பதுக்கு முன்னாலேயே கிழவியாக்கினார்கள். அவள் மகளைக் கிழவியாக விடமாட்டேன் என்கிறார்கள். இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவின் தலையைப் பார்த்துவிட்டு அமுச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இப்ப அரிக்கறதில்லையே?" "இல்ல." "அப்பறமென்ன."

அமுச்சியின் வெள்ளைச்சேலையை நினைத்தால் எனக்குக் கே.பி. சுந்தராம்பாள் ஞாபகம் வருவார். 1908-ல் கொடுமுடியில் பிறந்த கொங்குப் பெண். 1933-ல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 25 வயசுதான், அதன்பிறகு வெள்ளைதான். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தபோது அவருக்கு 45 நிறையவில்லை. தமிழர்கள் கொண்டாடிய பெரிய கிழவியாக அவர் நின்றார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்: கல்யாணம் வேண்டாம் என்று இளம் ஔவை பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்குகிறாள். முதுமை அங்கே வரம். ஆனால் அந்த வரத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஊர் சுற்றவும், மன்னனை எதிர்த்துப் பேசவும் ஒரு பெண் முதலில் அழகைக் கழற்றி வைக்கவேண்டியிருக்கிறது. ஔவைக்காவது கேட்டுக் கிடைத்தது. அமுச்சி கேட்கவேயில்லை.

"ஏன், நம்ம ஊர்ல வயசானவங்களுக்கு மரியாதை இல்லையா?" என்று கேட்பவர்கள் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். சரவணம்பட்டிக்குப் பக்கத்தில் கணபதியில் வாழ்ந்த யோகா ஆசிரியர் நானம்மாள்: 2018-ல் பத்மஸ்ரீ, 2019 அக்டோபரில் 99 வயசில் மறைந்தார். மேட்டுப்பாளையம் தேக்கம்பட்டியின் இயற்கை விவசாயி பாப்பம்மாள்: 2021-ல் பத்மஸ்ரீ, 2024 செப்டம்பரில் மறைந்தார். இருவர் மேலும் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நரைத்த தலையோடு, சேலையிலேயே ஆசனம் போடுகிற நானம்மாளின் படத்தை என் போனில் வைத்திருக்கிறேன்.

ஆனால் இவர்களைப் பற்றிப் பேசுகிறபோதெல்லாம் ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும்: "இந்த வயசுலயும்." அந்த 'உம்' என்னை உறுத்துகிறது. நானம்மாள் சின்ன வயசிலிருந்து யோகா செய்தவர். பாப்பம்மாள் காட்டில் பாடுபட்டே வாழ்ந்தவர். செய்துகொண்டிருந்ததை அவர்கள் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். நாம்தான் அதை வயசை ஜெயித்த கதையாக மாற்றிக்கொள்கிறோம். மாற்றியபின், ஜெயிக்காத மற்றவர்களைக் குடோனுக்கு அனுப்புவது சுலபமாகிவிடுகிறது.

வயசான பெண்ணுக்கு நாம் விட்டுவைத்திருக்கும் வழிகள் குறைவு. வயசே தெரியாமல் இருக்கலாம். ஔவை மாதிரி தெய்வமாகலாம். நூறு வயசில் சாதனை செய்யலாம். மூட்டுவலியோடு, பாதி நரையோடு, சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டு சும்மா வயசாகிற பெண்ணுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. என் அம்மா அந்தப் பெண்தான். நம் எல்லோர் அம்மாக்களும் ஏறக்குறைய அவர்தான். நானும் ஒருநாள் அவளாகத்தான் ஆகப்போகிறேன்.

அம்மாவுக்குப் பத்மஸ்ரீ எல்லாம் வேண்டாம். அவளுக்குப் பதினோரு வருஷத்து வேலை மனப்பாடம், கணக்கில் ஒரு ரூபாய் தவறியதில்லை. பில் கவுண்டரில் அவளுடைய நாற்காலி திரும்ப வேண்டும், நரைத்த தலையோடு.