நிரை

மூன்றாண்டுகளுக்கு முன், கோட்டயம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சொல் திரட்டச் சென்றிருந்தேன். வினாநிரலில் அடுத்த சொல் 'சுவர்'. வீட்டின் மரப்பலகை முகப்பைச் சுட்டிப் பெயர் கேட்டேன். 'நிர' என்றார் அம்மச்சி. என் நிரலுக்கு வேண்டியது அதுவன்று, மீண்டும் கேட்டேன். "சுவரு மண்ணும் கல்லும் அல்லே மோளே? இது நிரயா" என்றார் பொறுமையாக. நான் கட்டத்தில் 'சுவரு' என்று எழுதிக்கொண்டு, 'நிர'வை ஓரத்தில் குறித்து வைத்தேன்.

மத்தியத் திருவிதாங்கூரில் இத்தகைய வீடுகளை 'அறயும் நிரயும்' என்பர். அற, நெல் சேமிக்கும் மர அறை. நிர, பலகைச் சுவர். தேக்கு, பலா, அயினி மரங்களின் பலகைகளைச் சட்டங்களின் காடிகளில் இறக்கிப் பூட்டுவர். ஆதலால் வீட்டையே பிரித்து, வேறிடத்தில் மீண்டும் நிறுத்த முடியும். சென்னையை அடுத்த தட்சிணசித்ராவில் நிற்கும் சிரியன் கிறித்தவர் வீடு, புதுப்பள்ளியிலிருந்து அவ்வாறு பெயர்த்துக் கொணர்ந்ததே.

சொல்லும் நமக்கு அயலன்று. மழை 'மழ'வாகவும் பலகை 'பலக'வாகவும் நிற்கும் அதே முறையில் நம் நிரை அங்கே 'நிர'. தமிழில் அது வரிசை, ஆநிரை, யாப்பில் ஓர் அசை. அங்கோ வரிசையாய் நின்ற பலகைகள் சுவராகி, வரிசையின் பெயரே சுவரின் பெயருமாயிற்று. கடையடைக்க ஒவ்வொன்றாகச் செருகும் எண்ணிட்ட பலகைகளும் அங்கே 'நிரப்பலக'. எங்கள் ஊர் மளிகைக் கடையிலும் அவை இருந்தன. நாங்கள் பலகைக் கதவு என்று மட்டுமே சொன்னோம்.

சென்ற ஆண்டு மீண்டும் போனபோது வீடு விலைபோயிருந்தது. முற்றத்தில் பலகைகள் சுண்ணக்கட்டி எண்களோடு அடுக்கப்பட்டிருந்தன. வணிகர் கன அடியில் கணக்கிட்டார். பேரன் 'பேனலிங்' என்றான். 'நிர' என்று சொன்னவர் அம்மச்சி ஒருவர்தான். எந்தப் பலகை எந்தக் காடிக்குரியது, எதை மாற்றிப் பூட்டினால் கதவு சேராது என்று ஏற்றுவோரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் கேட்கவில்லை. இம்முறை நான் வினாநிரலை மூடிவைத்துவிட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே எழுதிக்கொண்டேன்.

ஆய்வேட்டின் அட்டவணையில் அந்தக் கட்டத்தைத் திருத்திவிட்டேன். 'சுவர்' என்ற ஒரே கருத்துக்கு அங்கே இப்போது இரண்டு சொற்கள். அட்டவணையின் ஒழுங்கு சற்றுக் குலைந்திருக்கிறது. களப்பணிக்குப் புறப்படும் நண்பர்களிடம் ஒன்றே ஒன்று: ஓரத்தில் எழுதியவற்றை ஊர் திரும்புமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். மறுமுறை போகும்போது கேட்பதற்கு வீடு அங்கே நிற்காமல் போகலாம்.