மலை உச்சியில் ஒரு பழைய ஏரோப்ளேன்

பார்சிலோனாவுல வேலைன்னு சொன்னதும் ஊர்ல எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "மெஸ்ஸியைப் பாத்தியா?" அவரு 2021-லயே மூட்டையைக் கட்டிட்டாரு, நான் வந்தது அதுக்கப்புறம்தான்னு சொன்னா, "அப்ப அங்க என்னதான்டா இருக்கு?"ங்கறது ரெண்டாவது கேள்வி. அதுக்கு ரொம்ப நாளா என்கிட்ட பதில் இல்ல. ஆபீஸ், மெட்ரோ, ரூம், ஞாயித்துக்கிழமை வச்ச ரசத்தைச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஓட்டறதுன்னு ஏழு மாசம் போயிடுச்சு.

இப்ப பதில் இருக்கு. மலை இருக்கு. மலை மேல ராட்டினம் இருக்கு.

போனதுக்குக் காரணம் ஊர் சுத்தற ஆசை எல்லாம் இல்லீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க டேமேஜர் கூப்பிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருக்கியா? திங்கக்கிழமை சொல்லிடு"ன்னாரு. சம்பளம் கூடும், தனி வீடு எடுக்கலாம், அப்படி இப்படின்னு பதினஞ்சு நிமிஷம் பேசினாரு. சனிக்கிழமை முழுக்க கூரையைப் பாத்துட்டே படுத்திருந்தேன். திருச்சியில அப்பாவும் அம்மாவும் மட்டும். அப்பாவுக்கு அறுபத்தாறு, முழங்கால் வலி. ஒத்தைப் பிள்ளை நான். ஆறு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் பிளேன் ஏறினேன், ஏற்கனவே ஒரு மாசம் கூடப் போயிருந்துச்சு. ஞாயித்துக்கிழமையும் கூரையைப் பாத்தா மண்டை காஞ்சுடும்னு கிளம்பிட்டேன். கூட இருக்கற நண்பனை எழுப்பினேன். போர்வையை இழுத்துத் தலையோட மூடிக்கிட்டான். சரி, தனி ஆவர்த்தனம்.

அந்த மலைக்குப் பேரு திபிதாபோ. உயரம் 512 மீட்டர். ஊருக்குப் பின்னாடி சுவர் எழுப்பின மாதிரி நிக்கற கோல்செரோலா மலைத்தொடர்ல இதுதான் உசரமான இடம். பார்சிலோனாவுல எந்தத் தெருவுல நின்னு அண்ணாந்து பாத்தாலும் உச்சியில ஒரு சர்ச் தெரியும். ஏழு மாசமா நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன், ஏதோ வால்பேப்பர் மாதிரி.

சிட்டி நடுவுல ரயில் ஏறி அவெனிதா திபிதாபோ ஸ்டேஷன்ல இறங்கணும். அங்கிருந்து அடிவாரத்துக்கு முன்னாடி ஒரு நீல டிராம் ஓடிட்டிருந்துச்சாம். 1901-ல ஆரம்பிச்சு, 2018-ல நிறுத்திட்டாங்க. எனக்கு வாய்ச்சது பஸ்தான். அடிவாரத்துல இருக்கற சதுக்கத்துக்கு டாக்டர் அந்திரேயு பேரு. மருந்துக் கடைக்காரர். இருமல் மாத்திரை வித்துப் பெரிய பணக்காரர் ஆனவரு. அந்தக் காசுலதான் மலைக்கு ரோடு, டிராம், விஞ்ச் ரயில், மேல பொழுதுபோக்குப் பூங்கான்னு எல்லாத்தையும் தொடங்கி வச்சாரு. ஊரே இருமி இருமி ஒரு மலையைக் கட்டியிருக்கு!

விஞ்ச் ரயில்னா நம்ம பழநி விஞ்ச் மாதிரிதான். 1901-ல ஓட ஆரம்பிச்சப்போ ஸ்பெயின்லயே இதுதான் முதல். இப்ப ஓடறது 2021-ல வந்த புது வண்டி, பேரு 'கூகா தே யும்', அதாவது மின்மினிப் பூச்சி. மேல கண்ணாடிக் கூரை. எனக்கு முன்னாடி ஒரு தாத்தா பேரனை மடியில வச்சுட்டு உக்காந்திருந்தாரு. வண்டி ஏற ஏற அவன் கீழே ஊரைக் காமிச்சு என்னமோ கத்த, தாத்தா ஒண்ணொண்ணுக்கும் தலையாட்டிட்டே வந்தாரு.

மேல இறங்கினா ஒரு பக்கம் சர்ச், அதை ஒட்டியே ராட்டினம். நடுவுல பெருசா சுவர் கிவர் எல்லாம் இல்ல. மணிச் சத்தமும் பிள்ளைங்க அலறலும் ஒண்ணாக் கேக்குது. யாரும் அதைத் தப்பா எடுத்துக்கற மாதிரி தெரியல. சமயபுரம் தேர்ல வளர்ந்தவனுக்கு இதுல என்ன அதிசயம், சாமி இருந்தா பக்கத்துல ராட்டினம் இருக்கத்தானே செய்யும்?

சர்ச்சை 1902-ல ஆரம்பிச்சிருக்காங்க. முடிச்சது 1961-ல. வரைஞ்சது என்ரிக் சாக்னியேர்ங்கற கட்டடக்கலைஞர், முடிச்சது அவரோட பையன். அப்பா விட்ட பிராஜெக்டைப் பையன் டெலிவரி பண்ணியிருக்கான். கோபுர உச்சியில ரெண்டு கையையும் விரிச்சுட்டு இயேசு நிக்கறாரு.

இப்ப பேருக்கு வருவோம். திபி தாபோன்னா லத்தீன்ல 'உனக்குத் தருவேன்'னு அர்த்தம். பைபிள்ல சாத்தான் இயேசுவை ஒரு மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போய், கீழே இருக்கற ராஜ்ஜியம் எல்லாத்தையும் காமிச்சு, என் கால்ல விழு, இதெல்லாம் உனக்குத்தான்னு ஆசை காட்டற இடம் வருமே, அதுல இருந்து எடுத்த வார்த்தைங்க. நம்ம ஊர்ல எத்தனையோ ஸ்கூலுக்குப் பேரா இருக்கற தொன் போஸ்கோ 1886-ல இந்த ஊருக்கு வந்தப்போ, இந்த உச்சியை அவருக்குத்தான் எழுதிக் கொடுத்திருக்காங்க. அப்புறம்தான் சர்ச் வந்துச்சு.

இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க டேமேஜர் நல்ல மனுஷன், சாத்தான் எல்லாம் கிடையாது. ஆனா வெள்ளிக்கிழமை அவரு பதினஞ்சு நிமிஷம் சொன்னதோட சாராம்சம் இந்த ரெண்டு வார்த்தைதான்.

தடுப்புக் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னு பாத்தேன். ஊர் மொத்தமும் காலடியில. அந்தப் பக்கம் கடல். நடுவுல கட்டம் போட்ட நோட்டு மாதிரி தெரு தெருவா ஒரு பகுதி, சாக்ரதா பமிலியா கோபுரங்கள் மட்டும் அதுக்கு மேல துருத்திட்டு நிக்குது. அந்தக் கட்டத்தை 1859-ல போட்டவர் செர்தாங்கற சிவில் இன்ஜினியர் (நம்ம இனம்!). ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலு மூலையையும் வெட்டி விட்டிருப்பாரு. அதுக்குள்ளதான் எங்கயோ என் ரூம். அரை மணி நேரம் தேடினேன். எல்லாம் ஒரே அச்சு. கண்டுபிடிக்கவே முடியல.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்திக்கறேன். சின்ன வயசுல அப்பா என்னை மலைக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போவாரு. அது எண்பத்திச் சொச்சம் மீட்டர்தான், ஆனா எனக்கு அதுதான் இமயமலை. உச்சிப் பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு வெளிய வந்து, என்னைத் தோள்ல தூக்கி, "அதோ காவேரி, அதோ ரெங்கநாதர் கோபுரம், இங்க பாரு, அந்தத் தண்ணி டேங்க் தெரியுதா, அதுக்குப் பக்கத்துலதான் நம்ம வீடு"ம்பாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியுதுப்பான்னு சொல்லிடுவேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பாவுக்குத் துவாக்குடி பக்கம் ஒரு பட்டறையில லேத் வேலை. ஒரு வருஷம் பொருட்காட்சிக்குப் போனப்போ நான் ஜெயன்ட் வீல் ஏறணும்னு அழுதேன். ஒரே ஒரு டிக்கெட் வாங்கி, பக்கத்து வீட்டு அண்ணன்கூட என்னை ஏத்தி விட்டாரு. "நீங்க வரலையாப்பா?" "எனக்குத் தலை சுத்தும்டா." என் செருப்பைக் கையில வச்சுட்டுக் கீழே நின்னு, நான் சுத்தி வர்றப்பல்லாம் கையாட்டினாரு. அதுல இருந்து எங்க வீட்ல அது ஒரு தீர்ப்பு மாதிரி ஆயிடுச்சு. அப்பாவுக்கு உயரம் ஆகாது. கொடைக்கானல் போனாலும் அப்பா ஓரமா உக்காந்துக்குவாரு. நான் இங்க கிளம்பறப்போகூட, நீங்களும் ஒரு தடவை வாங்கன்னு நான் சொல்லல. அதான் ஆகாதே.

கொசுவத்தியை அணைச்சுட்டு ராட்டினத்துக்கு வர்றேன். புது ரோலர் கோஸ்டர் எல்லாம் இங்க இருக்கு, எனக்கு அதுல பெரிய ஈர்ப்பு இல்ல. பழசுதான் பாக்கணும். தலையான்னு ஒண்ணு, 1921-ல வச்சது. 50 மீட்டர் நீள இரும்புக் கை. ஒரு முனையில கூடையில ஆளை ஏத்திக்கிட்டு மெதுவா வானத்துக்குத் தூக்கும். உச்சிக்குப் போனதும் நான் இயேசு சிலையை நேருக்கு நேர் பாக்கற தைரியத்துல இல்ல, கம்பியைத்தான் பாத்துட்டிருந்தேன். அவ்வ்வ்.

இன்னொரு கட்டடத்துல பழைய இயந்திர பொம்மைகளைச் சேத்து வச்சிருக்காங்க. அந்தக் காலத்துல சந்தையில காசு போட்டுப் பாத்த பொம்மைங்க. பொத்தானை அமுக்கினா கண்ணை உருட்டும், கையைத் தூக்கும், தலையைத் திருப்பும். உள்ள சிப்பும் இல்ல, கோடும் இல்ல. எல்லாம் பல்சக்கரமும் லிவரும்தான். அங்க நின்னப்பதான் அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காமிக்கலாமான்னு தோணுச்சு. சிக்னல் சரியா இல்ல. வெளிய வந்தா, எதிர்ல அந்தச் சிவப்பு ஏரோப்ளேன்.

1927-ல பார்சிலோனாவுல இருந்து மாட்ரிட்டுக்கு முதல் முதலாப் பறந்த விமானத்தோட நகல் அது. மறு வருஷமே, 1928-ல, இங்க கொண்டு வந்து ஒரு தூண்ல மாட்டிட்டாங்க. விமானத்தையே பாத்திராத ஜனங்க வரிசையில நின்னு ஏறியிருக்காங்க. அது சுத்தி வரும்போது பாதி வட்டம் மலைக்கு வெளிய போயிடும். ஜன்னல் வழியாப் பாத்தா கீழே தரை இருக்காது, ஊர்தான் இருக்கும்.

ஏறி உக்காந்து ஃபோன் போட்டேன். ஊர்ல ராத்திரி எட்டரை. அப்பா எடுத்தாரு, வழக்கம்போல நெத்தி மட்டும் தெரிஞ்சுது. பின்னாடி அம்மா, "சாப்பிட்டானான்னு கேளுங்க."

"என்னடா சத்தம் அங்க?"

"ஏரோப்ளேன்ல இருக்கேன்பா."

"ஊருக்கு வர்றியா?"

ஒரு நொடி எனக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. இல்லப்பா, ராட்டினம்னு சொல்லி, ஃபோனை ஜன்னல்ல வச்சுக் காமிச்சேன். கடல், ஊர், மலை எல்லாம் ஒரு சுத்து ஓடுச்சு. அப்பா ஊரைப் பாக்கவே இல்ல.

"மோட்டார் எங்கடா, நடுத்தூண்லயா?"

"இல்லப்பா, மூக்குல விசிறி சுத்துது பாருங்க, அந்த இழுப்புலதான் போகுது."

"காத்தைத் தள்ளியா? நிஜ பிளேன் மாதிரியேவா? எந்த வருஷம்ன? கேமராவை அந்தப் பக்கம் திருப்பு. அட, அந்தக் கையோட மூட்டைக் காமிடா. யாருடா மெயின்டனன்ஸ் பாக்கறா?"

இறங்கினதுக்கு அப்புறமும் விடல. கீழே நின்னு அது சுத்தறதை அஞ்சு நிமிஷம் காமிக்க வச்சாரு. ரெண்டு வருஷ விஷயத்தை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம நான் சும்மா நின்னேன். கடைசியில ஒரு வழியா சொல்லிட்டேன், இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க, நாளைக்குப் பதில் சொல்லணும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அதுல வயசானவங்களை ஏத்துவாங்களாடா?"ன்னாரு.

"எதுல?"

"அந்த ஏரோப்ளேன்லதான்."

"ஏத்துவாங்க. ஆனா உங்களுக்குத்தான் தலை சுத்துமேப்பா."

"எனக்கா? எவன் சொன்னான்?"

நான் ஒண்ணும் சொல்லல. பூங்காவுல விளக்கு போட ஆரம்பிச்சுட்டாங்க. காத்து குளிர, ஒரு கப் சுடச்சுட சாக்லேட் வாங்கிக் கையில வச்சுக்கிட்டு மின்மினிக்கு வரிசையில நின்னேன். அரை மணி நேரம் நின்னிருப்பேன். சாக்லேட் ஆறிப்போச்சு.

திங்கக்கிழமை டேமேஜருக்கு ஒரு வருஷம்னு பதில் போட்டேன், கூடவே மே மாசம் மூணு வாரம் லீவும் கேட்டிருக்கேன். அவரு முகம் அவ்வளவு மலரல.

அப்பா இப்ப பாஸ்போர்ட்டுக்கு அலையறாரு. பள்ளிக்கூட சர்டிபிகேட்ல ஒரு மாதிரி பேரு, ரேஷன் கார்டுல வேற மாதிரி பேராம். அறுபத்தாறு வருஷமா ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்கற தேவையே வரல அவருக்கு. நேத்து ஃபோன்ல, மறுபடி அந்த மூட்டோட ஃபோட்டோ கேட்டாரு, கிட்டக்க எடுத்தது. வர்ற ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை மலையேறணும்.