கடல்கடந்து வந்த ஒலிப்பெட்டி

ஒரு பொருளை விரும்புதல் எளிது. அதனைப் பெறுதல் அரிது. பெற்ற பின்னர் அதற்கு உணவளித்து உயிரோடு வைத்திருத்தல் அதனினும் அரிது. இவ்வுண்மையை யான் கற்றது நூல்களினின்று அன்று. உள்ளங்கையில் அடங்கும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியினின்றேயாம். அக்கருவியால் யான் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. அவ்விரண்டையும் ஈண்டு எழுதப் புகுந்தமை, இனி இவ்வழியிற் செல்லும் தோழர்க்கு ஒரு சிறு கைவிளக்காக உதவும் என்னும் எண்ணத்தினாலேயாம்.

என் தாயைப் பெற்ற ஆச்சி, திருச்செந்தூர்ப் பக்கத்தே, செந்நிறத் தேரிமணலை அடுத்த ஒரு சிற்றூரில் வாழ்கின்றார். அகவை 84. பள்ளியின் வாயிலை அவர் மிதித்ததில்லை. ஆயினும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர் நாவில் ஊற்றெனச் சுரக்கும். எம் குடும்பத்தில் மூன்று தலைமுறைக் குழந்தைகள் அவர் குரலைக் கேட்டே உறங்கின. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் யான் எழுதவேண்டிய ஆய்வுக் கட்டுரைக்குத் தாலாட்டுப் பாடல்களையே பொருளாக எடுத்துக்கொண்டேன். அது கேட்ட என் ஆசிரியர், “எழுத்திலே பிடிபடுவது பாட்டின் எலும்பு மட்டுமே, அதன் மூச்சையும் பிடித்துக்கொண்டு வா” என்றார்.

கைப்பேசி இருக்கக் கருவி வேறு எற்றுக்கு என்று சிலர் வினவினர். யானும் முதற்கண் கைப்பேசியிலேயே பதிந்து பார்த்தேன். ஆச்சி குரலை இறக்கிப் பாடுமிடத்து, அது தானாகவே ஒலியை உயர்த்திச் சுவர்க்கோழியின் இரைச்சலைப் பெருக்கியது. அவர் குரலை எடுத்துப் பாடுமிடத்துத் தானாகவே தாழ்த்தியது. பேசுதற்கென்று அமைந்த கருவிக்கு அது குணமே, பாட்டிற்கோ குற்றம். தாலாட்டின் உயிர் அவ்வேற்ற இறக்கத்தில் அன்றோ இருக்கின்றது!

கையிற் கொண்டு செல்லும் ஒலிப்பதிவுக் கருவியின் வரலாறு, ஒருவகையில், அதற்கு உணவளித்த வரலாறேயாகும். போலந்து நாட்டிற் பிறந்து சுவிட்சர்லாந்திற் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி என்பார் 1951-ஆம் ஆண்டில் ‘நாக்ரா’ என்னும் கருவியை இயற்றினார். போலந்து மொழியில் அச்சொல்லுக்குப் ‘பதிவுசெய்யும்’ என்பது பொருள். அம்முதற் கருவியில் நாடாவைச் சுழற்றியது மின்சாரம் அன்று. கடிகாரத்திற்குப் போலக் கையால் முறுக்கப்பெறும் வில்லே அதனைச் சுழற்றியது. பின்னர் வந்த மூன்றாம் நாக்ராவோ, பெரிய டார்ச்சு விளக்குகளிற் பயன்படும் தடித்த மின்கலங்கள் பன்னிரண்டனை விழுங்கியது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் ஒலிநாடாப் பேழையை வெளியிட்ட பின்னரே இத்தகைய கருவி எளியோர் கைக்கும் எட்டலாயிற்று. இன்று நாடாவும் இல்லை, சக்கரமும் இல்லை; நகத்தளவான ஒரு நினைவட்டை போதும். நொடிக்கு 48,000 முறை அளந்து, 24 பிட் நுண்மையோடு, இருசெவிக்கும் உரிய ஒலியைப் பதிந்தால், ஒரு மணி நேரப் பாட்டு ஏறத்தாழ ஒரு கிகாபைட் இடத்தில் அடங்கிவிடும். ஆயின் உணவின் கவலை மட்டும் குடெல்ஸ்கியின் காலத்தினின்று இன்றளவும் நீங்கிற்றில்லை.

நிற்க. இக்கருவிகளைச் செய்வோருள் சூம், டாஸ்காம், சோனி முதலாய பெயர்பெற்றோர் ஜப்பானியர். நம் நாட்டுக் கடைகளில் இவை கிடைப்பினும், அவற்றின் விலை என் உதவித்தொகைக்கு எட்டாத கொம்புத்தேனாய் இருந்தது. அந்நிலையில் அமெரிக்க நாட்டில் வேலைபார்க்கும் என் பெரியப்பா மகன் துணைக்கு வந்தார். “தம்பி, இங்கே ஒருவர் பயன்படுத்திய கருவியொன்று மலிவாகக் கிடைக்கின்றது, கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது கொண்டுவருகின்றேன்” என்று எழுதினார். அஞ்சலில் அனுப்பினால் ஆகாதோ என்றேன். அவர் கூறிய விடை எனக்கு முதற்பாடமாயிற்று. அயல்நாட்டினின்று வரும் பொருளுக்குச் சுங்கவரி விதிப்போர் பொருளின் விலையை மட்டும் நோக்கார். அதனை ஏற்றிவந்த கூலியையும் காப்பீட்டுத் தொகையையும் கூட்டி, அம்மொத்தத்தின்மேலேயே வரி கணிப்பர். சிறுவிலைப் பொருளுக்குப் பெருங்கூலி சேருமாயின், வண்ணான் பொதியைவிடக் கழுதைக்கு விலை மிகுந்த கதையாய் முடியும்.

கருவி என் கையை அடைந்த நாளில், நத்தார் விண்மீனைக் கண்ட சாத்திரியரின் மகிழ்ச்சியை யானும் அடைந்தேன். அதனோடு கரிய சிறு அடாப்டர் ஒன்றும் இருந்தது. அதன் முனை அமெரிக்க வழக்கின்படி தட்டையான இரு தகடுகளாய் இருந்தமையின், நம் சுவரிலுள்ள வட்டத் துளைகளிற் பொருந்தவில்லை. கடைத்தெருவிற்கு ஓடி, முனைமாற்றி ஒன்று வாங்கி வந்து செருகினேன். அரை மணிக்குள் அறையெங்கும் தீய்ந்த நெடி பரவிற்று. அடாப்டரைத் தொட்டேன், கை சுட்டது. அதன் வாழ்வு அன்றே முடிந்தது.

குற்றம் எவருடையது? என்னுடையதே. அவ்வடாப்டரின் வயிற்றில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிற்றெழுத்தில், ‘120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்’ என்று பொறித்திருந்தது. அமெரிக்க வீடுகளில் ஓடும் மின்னழுத்தம் 120 வோல்ட், ஜப்பானில் 100, நம் நாட்டில் 230. முனைமாற்றி என்பது முனையின் வடிவை மாற்றுமேயன்றி மின்னழுத்தத்தை மாற்றாது. பழைய மாதிரியான அடாப்டருள் இருப்பது இரும்பின்மேற் சுற்றிய கம்பிச்சுருள். ஏறத்தாழ இருமடங்கு அழுத்தத்தை அதன்மேல் ஏற்றினால், அது தாங்கும் அளவின் மிக்க மின்னோட்டத்தை இழுத்துக் கனன்று கருகும். இக்காலத்து அடாப்டர்களிற் பெரும்பாலானவை ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று பொறித்து வருவன. அவை எந்நாட்டிலும் உயிர்வாழும். அவற்றிற்கு முனைமாற்றி ஒன்றே போதும். இவ்விரண்டு வரிகளின் வேற்றுமையை அறியாதார்க்குப் பொருளிழப்பு திண்ணம். சங்கச் செய்யுட்கு மூன்று உரைகளை ஒப்புநோக்கிப் படித்த யான், விரற்கடை அளவான ஓர் எழுத்தைப் படியாது போனேன்!

நல்வினைப் பயனாக, நெடி எழுந்தபோது கருவி அதனோடு இணைந்திருக்கவில்லை. அது பென்சில் பேட்டரி இரண்டினாலும் இயங்கவல்லது. ஆகவே இனி அடாப்டரே வேண்டா என்று துணிந்து, பொங்கல் விடுமுறையில் ஆச்சியின் ஊருக்குப் புறப்பட்டேன்.

அன்று இரவு உணவு முடிந்தபின் ஊரில் மின்சாரம் நின்றது. மின்விசிறிகளும் தொலைக்காட்சிகளும் ஓய்ந்து, ஊர் முழுவதும் பழைய காலத்து அமைதியில் ஆழ்ந்தது. பனையோலையின் சலசலப்பு ஒன்றே கேட்டது. இதனின் நற்பொழுது வாராது என்று, தெருமுனைக் கடையில் வாங்கிய இரண்டு மின்கலங்களை இட்டுக் கருவியை ஆச்சியின் கட்டிலருகே வைத்தேன். சித்தியின் கைக்குழந்தை அவர் மடியிற் கிடந்தது. ஆச்சி பாடத் தொடங்கினார். முதலில் யாம் யாவரும் அறிந்த அடிகள். மாமன்மார் சீர், தொட்டில், முத்து, பவளம். பின்னர்க் குரல் தாழ்ந்தது. யான் ஒருநாளும் கேட்டிராத அடிகள் வந்தன. ஆச்சியின் மூத்த மகன், என் தாய் பிறக்கும் முன்னரே, ஒன்பது திங்களில் காய்ச்சல் கண்டு இறந்தான் என்பது எமக்குத் தெரியும். அவன் பெயரை ஆச்சி சொல்லிக் கேட்டவர் எம்முள் எவரும் இலர். அவ்விரவில் அவர் அப்பெயரைச் சொல்லித் தாலாட்டினார். என் தாய் வாயிலிற் சாய்ந்து நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

பாட்டு முடிந்தபின் கருவியை எடுத்தேன். அதன் செவ்விளக்கு அணைந்திருந்தது.

“என்னய்யா, உம் பொட்டிக்கும் என்னமாரி இளைப்பு வந்துட்டாக்கும்?” என்றார் ஆச்சி.

யான் வாங்கியவை சுவர்க் கடிகாரத்திற்கு இடுகின்ற மலிவான துத்தநாகக் கரிம மின்கலங்கள். கடிகாரம் துளித்துளியாய் உண்ணும். அதற்கு அவை ஓராண்டும் போதும். ஒலிப்பதிவுக் கருவியோ விடாது உண்ணுவது. அதன் பசிக்கு அவை ஆற்றா. அழுத்தம் விரைந்து வீழும். இடைவழியில் உயிர் துண்டெனப் போகுமாயின், கருவி தான் எழுதிக்கொண்டிருந்த கோப்பினை முடித்து முத்திரையிட நேரம் பெறுவதில்லை, எழுதியதும் எழுதாததாகிவிடும். கணினி கற்ற தோழன் ஒருவன் அந்நினைவட்டையோடு இரண்டு நாள் போராடினான். மீண்டவை ஓலையின் சலசலப்பும், அறுந்த சில சொற்களுமே. அச்சொற்களுள் அப்பெயர் இல்லை.

அதன்பின் யான் மாணவனுக்குரிய முறையிற் கற்கத் தொடங்கினேன். கடிகாரத்திற்குரிய மின்கலத்தை விடுத்து ஆல்கலைன் மின்கலம் வாங்குதல் வேண்டும். அடிக்கடி பதிவோர்க்கு மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல் மின்கலமே சிக்கனம். ஆயின் ஆல்கலைன் மின்கலத்தின் அழுத்தம் 1.5 வோல்ட், நிக்கல் மின்கலத்தினது 1.2. கருவி அழுத்தத்தை அளந்தே எஞ்சிய உணவைக் கணிக்கின்றது. ஆதலின் எவ்வகை மின்கலம் இட்டோம் என்பதை அதன் பட்டியலிற் குறித்துவைத்தல் வேண்டும். குறியாவிடின் அது காட்டும் அளவு பொய்யாகும். பவர் பேங்கை நம்பியும் ஒருமுறை ஏமாந்தேன். கைப்பேசியின் பெரும்பசிக்குப் பழகிய அவற்றுட் சில, இக்கருவியின் சிறுபசியைப் பசியென்றே கொள்ளாது, எவரும் உண்ணவில்லை என்று கருதித் தாமே அடங்கிவிடும். சுவர் மின்சாரத்தில் இணைத்துப் பதிவோமெனின், சில சார்ஜர்கள் மெல்லிய இரைச்சல் ஒன்றைப் பாட்டினூடே கலந்துவிடுகின்றன. கருவியின் உள்ளேயே லித்தியம் மின்கலம் அடைத்து வருவனவும் உண்டு. நகரத்தார்க்கு அவை ஏற்றன. மின்சாரம் நின்ற சிற்றூரில், கடைக்கு ஓடி வாங்கி மாற்றத்தக்க பென்சில் பேட்டரியே உற்ற துணை. அயல்நாட்டினின்று உறவினர் வழியே தனி லித்தியம் மின்கலம் வருவிப்போர், அதனை விமானத்தின் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கலாகாது. கைப்பையிலேயே கொண்டுவருதல் வேண்டும் என்பதனையும் அவர்க்குச் சொல்லிவைப்பாராக.

இவையெல்லாம் கற்றுத் தேர்ந்து, ஈஸ்டர் விடுமுறையில் மீண்டும் சென்றேன். புதிய மின்கலங்கள் இரண்டு கருவியில், நான்கு பையில். ஆச்சி பாடினார். முழுதும் பதிந்தது, தெளிவாகவே பதிந்தது. என் ஆசிரியர் அதனைக் கேட்டு மகிழ்ந்தார். கட்டுரையும் நல்ல மதிப்பெண் பெற்றது. ஆயின் அவ்வடிகள் வரவில்லை. பாட்டு முடிந்தபின், தயங்கித் தயங்கி, “ஆச்சி, அன்னிக்கு ராத்திரி மாமா பேரைச் சொல்லிப் பாடினீங்களே, அது…” என்றேன்.

ஆச்சி சிறிது நேரம் என்னையே பார்த்தார். பின்னர், “அது வந்தா வரும்யா, கூப்பிட்டா வராது” என்றார்.

பத்துக் கன்னியரின் உவமையைச் சிறுவயது முதல் ஓய்வுநாட் பள்ளியிற் பலமுறை கேட்டிருக்கின்றேன். எண்ணெய் கொண்டுசெல்லாத அவ்வைவரையும் புத்தியில்லாதவர் என்று எளிதிற் பழித்ததுண்டு. அவர்களிடத்தும் விளக்கு இருந்தது, ஆசையும் இருந்தது, விழாவிற்குச் செல்லும் மனமும் இருந்தது. இல்லாதிருந்தது சிறிது எண்ணெய். மணவாளன் வரும் பொழுதை அவர்கள் அறியார். யானும் அறிந்தேனல்லேன்.

தோழர்காள்! உங்கள் இல்லங்களிலும் ஓர் ஆச்சியோ தாத்தாவோ இருத்தல் கூடும். கருவி எந்நாட்டினின்றேனும் வருக. புதிதாயினும் பழையதாயினும் ஆகுக. அடாப்டரின் வயிற்றெழுத்தைப் படியுங்கள். மின்கலத்தின் வகையை வினவுங்கள். பையில் இரண்டு மிகுதியாக வையுங்கள். ஒவ்வொரு விடுமுறைக்கும் யான் அவ்வாறே செல்கின்றேன். இரவு உணவிற்குப்பின் கருவியைக் கட்டிலருகே வைத்துவிட்டு, ஒன்றும் கேளாமல் அமர்ந்திருக்கின்றேன். செவ்விளக்கு எரிந்துகொண்டிருக்கின்றது.