படத்தில் நான் எங்கே?

கொல்கத்தாவில் எனக்கு இது இரண்டாவது மழைக்காலம். ராஜாபஜார் அறிவியல் கல்லூரியில் பௌதிகம் பயில்கிறேன். உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். அதனால் நேர்ந்த ஒன்றைச் சொல்லவே இக்கட்டுரை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் விடாத மழை. டன்டனியா காளி கோயில் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர். கார்கள் நின்றுவிட்டன, கை ரிக்‌ஷாக்கள் மட்டுமே நகர்ந்தன. அவற்றை ஒழிக்க 2006-இல் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. ஆனாலும் வெள்ளம் வந்தால் இந்நகரம் அவற்றைத்தான் தேடுகிறது. பீகாரிலிருந்து பிழைக்க வந்த பெரியவர் ஒருவர் வண்டியை இழுத்து வந்தார். சேற்று நீரைக் கிழித்து வந்த அவர் கால்களைப் படம் பிடித்தேன். ‘வளர்ச்சி’ என்னும் தலைப்பில் மாணவர் புகைப்படக் கண்காட்சி நடக்கவிருந்தது. முதற் பரிசு எனக்கே என்று மனம் துள்ளியது.

மழை ஓய்ந்ததும் படத்தை அவரிடமே காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்: “இதில் நான் எங்கே, பாபு?”

எனக்கு விடை வரவில்லை. ஊர் நினைவு வந்தது.

முக்கூடலில் என் தாய் நாளெல்லாம் பீடி சுற்றி என்னைப் படிக்க வைத்தவள். நான் பள்ளியில் படித்த நாளில், தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் அவள் சுளகும் கையுமாக இருந்ததைப் படம் எடுத்துச் சென்றார்கள். பின்னர் அது அவர்களுடைய ஆண்டு மலரில் வந்தது. அடியில், ‘கதியற்ற பெண்’ என்று ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். பொருள் சொன்னேன். “சொல்லியிருந்தா நல்ல சேலை கட்டியிருப்பேனேய்யா” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று கொதித்தவன், இன்று அதையே செய்து நிற்கிறேன்!

அப்படியானால் துன்பத்தைப் படம் எடுப்பதே தவறா? அன்று. இதே நகரில் 1943-இல் மக்கள் பட்டினியால் தெருவில் மடிந்தார்கள். அப்பஞ்சத்தில் இறந்தோர் 30 லட்சம் வரை என மதிப்பிடுவர். போர்க்காலத் தணிக்கை வாயை அடைத்த நேரத்தில், ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆசிரியர் இயான் ஸ்டீஃபன்ஸ் ஆகஸ்டு 22-ஆம் நாள் பட்டினிப் படங்களை வெளியிட்டார். பஞ்சத்தை அதற்குமேல் உலகின் கண்ணிலிருந்து மறைக்க இயலவில்லை. சுனில் ஜானாவும் ஊர் ஊராகச் சென்று படம் எடுத்தார். படத்தில் கிடந்தவர்களிடம் யார் அனுமதி கேட்டிருக்க முடியும்? ஆயினும் அப்படங்கள் அவர்களுக்காகப் பேசின. என் படம் யாருக்காகப் பேசியது? எனக்காக, என் பரிசுக்காக.

இன்னொரு வழியும் உண்டு. சோனாகாச்சியில் ஜானா பிரிஸ்கி என்னும் பெண்மணி, பாலியல் தொழில் செய்யும் தாய்மாரின் பிள்ளைகளிடமே கேமராவைக் கொடுத்துப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். ராஸ் காஃப்மனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ஆவணப்படம் 2005-இல் ஆஸ்கார் பரிசு பெற்றது. பிள்ளைகளின் கண் அதில் இருக்கிறது. தாய்மாருக்கு நியாயம் செய்யவில்லை என்று குறை கூறியோரும் உண்டு. கேமராவைக் கைமாற்றினாலும் பொறுப்பு தீர்வதில்லை போலும்!

மறுநாள் பெரியவரைத் தேடிப் போனேன். “எப்படி எடுக்கட்டும்?” என்றேன். தலை வாரினார். சட்டைப் பொத்தானை மாட்டினார். விரலில் மணியைக் கோத்துக்கொண்டு, வண்டியருகே நிமிர்ந்து நின்றார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஊருக்கு அனுப்பும்படி அவரிடம் கொடுத்தேன். மற்றதைக் கண்காட்சிக்குக் கொடுத்தேன். “சாதாரணப் படம்” என்றார் நடுவர் ஒருவர். பரிசு இல்லை. வருத்தமே இல்லை என்றால் அது பொய்.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு கேட்டாள்: “அவருக்கு ஒரு படம் குடுத்தியாய்யா?”

“கொடுத்தேன் அம்மா” என்றேன்.